கூகைக்கு நெய்ச்சோறு படைத்த மக்கள் அதன் குரலைச் சாவின் அழைப்பாகக் கேட்டது ஏன்?

செங்காந்தள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். மாணவர்கள் எழுப்பிய ஒரு வினாவுக்கு நிறைவான விடை சொல்ல இயலாததால் இங்கே கேட்கிறேன்.

நற்றிணையின் 83ஆம் பாடலில் தோழி ஒரு கூகையிடம் நேருக்கு நேர் பேசுகிறாள். ஊர் வாயிலில், நீருண்ணும் துறையை ஒட்டி நிற்கும் "கடவுள் முது மரத்து" நெடுங்காலம் உடனுறைந்து பழகிய கூகை அது. "தேயா வளைவாய், தெண்கண், கூர்உகிர்" என்று அதன் அலகையும் கண்ணையும் நகத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி விளிக்கிறாள். ஆட்டிறைச்சியோடு கூடிய நெய்ச்சோற்றையும் சுட்ட எலியின் வெள்ளிய இறைச்சியையும் நிறையத் தந்து உன்னைப் பேணுவோம்; எம் காதலர் வருவார் என்று நாங்கள் உறங்காமல் தவித்திருக்கும் நேரத்தில் மட்டும் அச்சம் தரும்படி கூவிவிடாதே என்று வேண்டுகிறாள். தெய்வம் உறையும் மரத்தில் குடியிருப்பதால் அந்தப் பறவைக்கும் படையலில் ஒரு பங்கு கிடைக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையிலோ அதே பறவை வேறு முகம் காட்டுகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டில் இடைவிடாது ஒலிக்கும் கொடிய ஓசைகளை அடுக்கும் சாத்தனார், நரியின் ஊளையை அடுத்து "சாவோர்ப் பயிரும் கூகையின் குரலும்" என்கிறார். சாக இருப்பவர்களை அது அழைக்கிறதாம். இன்றும் நம் ஊர்களில் வீட்டுக் கூரைமேல் ஆந்தை அலறினால், "சாக்குருவி கத்துகிறது, யாரை அழைக்கிறதோ" என்று பெரியவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்துக்கும் மணிமேகலை வரிக்கும் இடையே ஏறத்தாழ இடைவெளியே இல்லை.

பேணி உணவிட வேண்டிய பறவையாகவும் சாவுக்கு ஆள் சேர்க்கும் பறவையாகவும் ஒரே கூகை எவ்வாறு இருக்க முடியும்? காலப்போக்கில் நம்பிக்கை மாறிவிட்டதா, அல்லது இரண்டும் தொடக்கம் முதலே உடனிருந்தனவா? பிற நாடுகளிலும் இத்தகைய இரவுப் பறவைகளைப் பற்றிய கதைகள் இருந்தால் அவற்றையும் அறிய விரும்புகிறேன்.

முதுகுன்றன் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இரண்டும் உடனிருந்தன என்பதே என் கருத்து. சங்கப் பாடல்களில் கூகை எங்கே அமர்ந்திருக்கிறது, எந்த வேளையில் கூவுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தங்கள் ஐயத்துக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

முதலில், அச்சமே இல்லாத இடங்களைச் சொல்கிறேன். நற்றிணை 394இல் காட்டு மரத்தில் இருக்கும் குடிஞையின், அதாவது ஆந்தையின், குரல், பொன் வேலை செய்யும் கொல்லனின் தட்டொலிபோல் "இனிய தெளிர்ப்ப" ஒலிக்கிறது. தலைவனுடைய தேரின் மணியோசையோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் குரலில் தீமையின் சாயல் சிறிதும் இல்லை. அகநானூறு 122இல் பரணர் பாடும் தலைவி, இரவில் காதலனைச் சந்திப்பதற்குத் தடையாக இருப்பவற்றை வரிசையாகச் சொல்லிப் புலம்புகிறாள். ஊர் உறங்குவதில்லை, ஊர் உறங்கினால் தாய் உறங்குவதில்லை, அடுத்துக் காவலர், நாய், நிலவு என்று ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று வந்து நிற்கிறது. நிலவும் மறைந்து இருள் செறிந்தால், "இல்எலி வல்சி வல்வாய்க் கூகை கழுது வழங்கு யாமத்து அழிதகக் குழறும்". அதுவும் ஓய்ந்தால் கோழி கூவி விடிந்துவிடுகிறது. பேய் நடமாடும் யாமம் என்று அந்த வேளை குறிக்கப்படுகிறது, ஆயினும் கூகையே பேய் என்று பரணர் சொல்லவில்லை. வீட்டு எலியைத் தின்று வாழும் அந்தப் பறவை, குரைக்கும் நாயைப் போலக் காதலுக்கு இடையூறான ஓர் அண்டை வீட்டுயிர், அவ்வளவே.

அடுத்து, அஞ்சத்தக்க இடங்கள். புறநானூறு 238இல் பிணம் கவித்த செந்தாழியின் மேல் கழுகும் பிறவும் அமர்ந்திருக்க, காக்கையும் கூகையும் பேய்க் கூட்டத்தோடு விருப்பம்போல் திரிகின்றன. புறநானூறு 364ஐப் பாடிய புலவர், "முதுமரப் பொத்தின் கதுமென இயம்பும் கூகைக் கோழி" என்று முதுகாடாகிய இடுகாட்டின் பறவையைப் பாடிய சிறப்பால் கூகைக்கோழியார் என்றே பெயர் பெற்றுவிட்டார். தாழிகள் நிறைந்த அந்தக் காட்டை அடைந்த பிறகு உண்ணவும் கொடுக்கவும் இயலாது, ஆகவே இன்றே உண்டும் கொடுத்தும் மகிழ்வோம் என்று அரசனுக்கு அவர் சொல்லும் அறிவுரையில், மரப்பொந்திலிருந்து திடீரென எழும் அந்த ஒலி மிகுந்த வலிமையோடு வந்து விழுகிறது.

மூன்றாவது இடம் பாழூர். என்னைப் பொறுத்தவரை தங்கள் வினாவுக்கான திறவுகோல் இதுதான். கரிகாலன் அழித்த பகைவர் நாட்டைப் பட்டினப்பாலை காட்டும்போது, கொள்ளையர் நெல்லை எல்லாம் கொண்டுபோன பிறகு, "உணவில் வறுங்கூட்டு உள்ளகத்து இருந்து வளைவாய்க் கூகை நன்பகல் குழறவும்" என்கிறது. வெறுமையான நெற்கூட்டின் உள்ளே அமர்ந்து, நண்பகலில் கூவுகிறது அந்தக் கூகை. புறநானூறு 356இல் வரும் முதுகாட்டிலும் "பகலும் கூஉம் கூகை" என்ற சொற்களைக் காணலாம். இரண்டு இடங்களிலும் கேடு பகற்குரலிலேயே அறியப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கூகை இரவில் கூவுவது உலக இயல்பு. பகலில் தலைகாட்டினால் காக்கைகள் சூழ்ந்து கொத்தும்; "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று 481ஆம் குறள் அரசனுக்குக் காலம் அறிதலைக் கற்பிப்பதும் இந்தப் பகையை வைத்தே. வீடும் உலையும் சோறும் இருக்கும் ஊரில்தான் காக்கை இருக்கும். கூகை பட்டப்பகலில் அச்சமின்றிக் கூவுகிறது என்றால், அங்கே மனிதரும் இல்லை, மனிதரை அண்டி வாழும் காக்கையும் இல்லை என்று பொருள். அந்தக் குரல் அழிவைக் கொண்டுவரவில்லை. அழிவு முடிந்த பிறகு எழுகிறது.

மனிதர் விட்டுப்போன இடத்துக்குக் கூகை வந்து சேர்கிறது. கூகை வந்ததால் மனிதர் போனார்கள் என்று பின்னால் வந்தவர்கள் வரிசையைத் திருப்பிப் படித்துவிட்டார்கள். மணிமேகலையின் "சாவோர்ப் பயிரும்" என்ற தொடரில் அந்தத் திருப்பம் முழுமையாக நிகழ்ந்துவிட்டதைக் காண்கிறோம்.

வரையாடு எழுதியது:

முதுகுன்றன் ஐயாவின் விளக்கத்தை வியந்து படித்தேன். பல ஆண்டுகளாகப் பறவைகளைக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், அந்தப் பாடல்களில் வரும் பறவைகள் எவையாக இருக்கலாம் என்பதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன். அச்சம் எந்தக் குரலிலிருந்து பிறந்தது என்பதை அறிய அது உதவும்.

இன்றைய தமிழ்ப் பறவை நூல்களில் கூகை என்ற பெயர் இதய வடிவ வெண்முகம் கொண்ட ஆந்தைக்கு வழங்குகிறது. கோயில் கோபுரம், பழைய மாடம், தானியக் கிடங்கு ஆகியவற்றில் குடியிருந்து எலிகளையே பெரிதும் உண்ணும் பறவை அது. "இல்எலி வல்சி" என்ற தொடரும், நெற்கூட்டுக்குள் அமர்ந்திருக்கும் பட்டினப்பாலைக் காட்சியும் இந்தப் பறவைக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் இது குழறுவதில்லை. துணியை நீளக் கிழிப்பது போன்ற சீறலும் கிறீச்சிடலுமே இதன் குரல். கபிலர் குறுந்தொகை 153இல் பாடும் "குன்றக் கூகை குழறினும்" என்ற தொடரைப் படிக்கும்போது எனக்குப் பாறை இடுக்குகளில் முட்டையிடும் கொம்பன் ஆந்தையே நினைவுக்கு வருகிறது. தலையில் இரண்டு கொம்புகள்போல் இறகுக் குஞ்சம் நிற்கும். பொழுது சாய்ந்ததும் குன்றின் உச்சியில் வந்து அமர்ந்து, அடித்தொண்டையிலிருந்து இரண்டு அசைகளில் அது எழுப்பும் குரல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். அகநானூறு 19 அந்தக் குரலை உருட்டி இசைக்கும் துடியின் ஓசைக்கு ஒப்பிடுவது எவ்வளவு துல்லியமானது என்பதை, ஒருமுறை அதைக் கேட்டவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். பழம்புலவர்கள் ஒரே பெயரால் பல பறவைகளைக் குறித்திருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன்.

சாக்குருவி என்ற பெயர் பெரும்பாலும் சுமப்பது சின்னஞ்சிறு புள்ளி ஆந்தைதான். மைனா அளவே இருக்கும் இந்தப் பறவை, பொந்துள்ள மரம் இருந்தால் போதும், ஊருக்கு நடுவிலேயே குடும்பமாக வாழும். அந்தி மயங்கியதும் இரண்டு மூன்று பறவைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கலகலவென்று அலறும்போது ஏதோ சண்டை நடப்பது போலிருக்கும். பூச்சிகளே இதன் முதன்மையான உணவு. மின்விளக்கு வராத காலத்தில் ஊர் முழுவதும் இருண்டிருக்க, நோயாளி படுத்திருக்கும் வீட்டில் மட்டும் விடியும்வரை விளக்கு எரியும். வெளிச்சத்தைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடி ஆந்தை வரும். சில நாட்களில் நோயாளி இறந்திருப்பார். சாவு வீட்டுக்கும் ஆந்தைக்கும் முடிச்சு விழுந்ததற்கு இதைவிட எளிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்களும் கேரளத்து நண்பர்களும் காலன்கோழியை அறிந்திருப்பார்கள். மா, புளி போன்ற பெருமரங்கள் அடர்ந்த தோப்புகளில் வாழும், உடல் முழுவதும் புள்ளியும் கோடும் கலந்த ஆந்தை அது. நடுங்கி இழுபடும் அதன் குரல் மலையாளச் செவிகளுக்குப் "பூவா" என்று, அதாவது போகலாம் வா என்று, கேட்கிறது. ஆணின் அழைப்புக்குப் பெண் மறுமொழி தருவதை, காலன் அழைக்க உயிர் இசைவதாகக் கொள்கிறார்கள். தங்கள் மணிமேகலை வரியை மலையாள நாட்டில் ஒரு பறவை இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆந்தை அல்லாத பறவைகளும் இந்தப் பழியில் பங்கு பெறுகின்றன. வறண்ட தரைகளில் வாழும் கண்கிலேடி நிலவு நாட்களில் எழுப்பும் நீண்ட ஓலத்தையும், ஆள் நடமாட்டம் கண்டு நள்ளிரவில் கூச்சலிடும் ஆள்காட்டியின் குரலையும் கேட்டு ஆந்தை அலறியதாகச் சொல்பவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆந்தையின் இறகு விளிம்பு சீப்பின் பற்களைப்போல் பிரிந்திருப்பதால் அது பறக்கும்போது ஓசை எழுவதில்லை. ஓசையே இல்லாமல் வந்து, தலைக்கு மேலிருந்து ஒரு குரல் எழும்போது, குரலுக்கு உரிய உடலை மக்கள் தாங்களே கற்பித்துக்கொள்கிறார்கள்.

தெற்குவாசல் எழுதியது:

ஆந்தை இலக்குமியின் ஊர்தி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் அதைத் தீய பறவை என்று நம் முன்னோர் எண்ணியிருக்க வாய்ப்பில்லையே? பஞ்சபட்சி சாத்திரத்திலும் வல்லூறு, காகம், கோழி, மயில் ஆகியவற்றோடு ஆந்தைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆந்தையின் குரலுக்குப் பலன் சொல்லும் பழைய பாட்டிலும், ஒருமுறை அலறினால் சாவு என்றாலும் இருமுறை அலறினால் எண்ணிய செயல் கைகூடும் என்றுதானே இருக்கிறது?

முதுகுன்றன் எழுதியது:

தெற்குவாசல் அவர்களுக்கு: பஞ்சபட்சியையும் குரல் எண்ணிக்கைப் பாட்டையும் தாங்கள் நினைவூட்டியது நன்று. ஆந்தையின் குரலை முழுத் தீமையாகக் கருதாமல், எண்ணியும் திசை பார்த்தும் பொருள் கொண்ட ஒரு நிமித்தக் கல்வி நம்மிடம் இருந்ததற்கு அவை சான்றுகள். "நாளும் புள்ளும் பிறவற்று நிமித்தமும்" என்று தொல்காப்பியமே பறவை நிமித்தத்தைக் குறிப்பிடுகிறது.

இலக்குமியின் ஊர்தி என்பதை மட்டும் அதற்குரிய நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது சிறப்பாக வங்காளத்து வழக்கம். துர்க்கை பூசைக்குப் பின்வரும் முழுநிலவு நாளில் அங்கே கொண்டாடப்படும் கோசாகரி இலக்குமி பூசையில், தேவியின் அருகே வெள்ளை ஆந்தையைக் காணலாம். நெற்களஞ்சியத்தின் எலிகளைத் தின்னும் வெண்முக ஆந்தையை வங்காளத்துச் சிற்றூர் மக்கள் இலக்குமியின் ஆந்தை என்றே அழைத்து, விரட்டாமல் விடுகிறார்கள். தமிழகத்துத் திருமகள் தாமரையிலும் யானைகளின் நடுவிலும் காட்சி தருகிறாள். அவளுக்கு மூத்தவளான தவ்வைக்குக் காக்கைக் கொடியும் கழுதை ஊர்தியும் உண்டு. இருவரிடமும் ஆந்தை இல்லை.

வேதனையோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே இலக்குமியின் பெயரால், தீபாவளியை ஒட்டி வடநாட்டுப் பகுதிகளில் ஆந்தைகளைப் பிடித்து விற்பதும் பலியிடுவதும் நடக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வழிபடப்படும் பறவை பாதுகாப்பாக இருக்கும் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிட முடியாது.

வன்னிக்காடு எழுதியது:

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவின் சிங்கள மக்களிடையே வழங்கும் உலமா என்ற பறவையின் கதையை இந்த இழையில் பதிந்துவைப்பது பொருத்தமாக இருக்கும். சிறுவயதில் சிங்கள அயலவர் சொல்லக் கேட்ட கதை இது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மனைவியின்மேல் ஐயம் கொண்ட ஒருவன், அவள் பெற்ற குழந்தை தன்னுடையது அல்ல என்று எண்ணினான். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் குழந்தையைக் கொன்று, அந்த இறைச்சியைக் கறியாக்கி, திரும்பி வந்தவளுக்குப் பரிமாறினான். உண்ணும்போது கறியில் குழந்தையின் சிறுவிரல் தட்டுப்பட்டது. உண்மையை உணர்ந்தவள் அலறியபடி காட்டுக்குள் ஓடி உயிரை விட்டாள்; அவளே உலமாவாகி இரவுதோறும் கதறுகிறாள் என்பது கதை. அந்தக் குரலைக் கேட்பவருக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம் காட்டோர ஊர்களில் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியான தமது இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இந்தப் பறவையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் அதனைப் பழுப்புநிறக் காட்டு ஆந்தை என்று கருதினார். ஆனால் குருநாகலில் பணியாற்றிய மிட்ஃபோர்ட் என்ற அதிகாரி அதற்கு உடன்படவில்லை. கழுத்து நெரிக்கப்பட்டுக் குரல் அடைபடும் சிறுவனின் ஓலத்தைப் போன்றது அந்தக் கதறல் என்றும், அது ஆந்தையாகவே இருக்காது, பக்கி என்ற இரவுப்பறவை இனமாக இருக்கலாம் என்றும் அவர் எழுதிய விளக்கத்தையும் டெனன்ட் அந்த நூலிலேயே சேர்த்திருக்கிறார். வயிற்றில் புள்ளிகள் கொண்ட பெரிய காட்டு ஆந்தையே உலமா என்பது பிற்காலப் பறவையியலாளர் பலரின் முடிவு. அடர்காட்டில் வாழும் பறவை என்பதால் குரலைக் கேட்டவர்கள் பலராகவும் உருவத்தைக் கண்டவர்கள் சிலராகவும் இருந்திருக்கிறார்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மணிமேகலையின் கூகை சாகப்போகிறவரை அழைக்கிறது. உலமாவோ முன்னமே இறந்துபோன ஒரு பெண்ணின் அழுகை. முதலாவதில் பறவை காலனுக்குத் துணை நிற்கிறது. இரண்டாவதில் அது, வீட்டுக்குள் நடந்து எவரும் கேட்டிராத கொடுமைக்கு ஊரறியச் சான்று சொல்லும் குரல். இரண்டையும் கெட்ட சகுனம் என்ற ஒரே பையில் போட்டுவிட்டால், அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் காத்துவந்த பெண்களின் துயரம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஈப்போவாசி எழுதியது:

வன்னிக்காடு அவர்கள் சொன்ன கதைக்கு மலாய் மக்களிடம் நெருங்கிய உறவுக் கதை ஒன்று இருக்கிறது. மலாய் மொழியில் ஆந்தையின் பெயரே புருங் ஹந்து, அதாவது பேய்ப்பறவை. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் லங்சுயர் என்ற ஆவியாகி, ஆந்தை உருவில் பறந்து திரிவாள் என்பது பழைய நம்பிக்கை. அதைத் தடுக்க முற்காலத்தில் செய்த சடங்கை 1900இல் வெளியான ஸ்கீட் என்பவரின் நூல் பதிவுசெய்திருக்கிறது. இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகளை இடுவார்கள். அப்போது அவளால் அலற முடியாது. இரு அக்குள்களிலும் கோழி முட்டை வைப்பார்கள். அவற்றை விட்டுவிட மனமில்லாமல் கைகளைச் சிறகாக வீச மாட்டாள். உள்ளங்கைகளில் ஊசி வைப்பார்கள். விரல்களை மடக்கி விரித்துப் பறக்க முடியாது. தன் பிள்ளையைப் பார்க்காமல் இறந்தவளை முட்டையைக் காக்க வைத்தே நிறுத்திவிடலாம் என்று எண்ணியவர்களின் மனத்தை நினைத்தால் இரக்கமும் நடுக்கமும் ஒருசேர எழுகின்றன.

இங்குள்ள செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகக் கம்பங்களின்மேல் மரப்பெட்டி அமைத்து வெண்முக ஆந்தைகளை வளர்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பேய்ப்பறவை என்ற பெயர் மாறவில்லை. அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள்.

செங்காந்தள் எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. பகலில் கூவும் கூகை என்ற குறிப்பு எனக்குப் புதியது. நோயாளி வீட்டு விளக்கைப் பற்றிய விளக்கத்தை மாணவர்கள் உடனே பற்றிக்கொள்வார்கள். முதுகுன்றன் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மணிமேகலையில் கூகையைத் தொடர்ந்து ஆண்டலை என்ற பறவையும் வருகிறது. அது ஆந்தை வகையா, அல்லது கற்பனைப் பறவையா? மேலும், சுடுகாட்டுக் கூகை தீமையின் உருவமாகவே பின்வந்த இலக்கியத்தில் நிலைத்துவிட்டதா?

முதுகுன்றன் எழுதியது:

ஆண்டலையை, ஆண்மகனின் தலை போன்ற தலையை உடைய பறவை என்று அகராதிகள் சொல்கின்றன. "அழுகுரற் கூகையோடு ஆண்டலை விளிப்பவும்" என்று பட்டினப்பாலையிலும் அது கூகையோடு இணைந்தே வருகிறது. அடுத்த அடிகளில் பேய்மகளிர் தோன்றுகின்றனர். மணிமேகலையில் "ஊண்தலை துற்றிய ஆண்டலை" என்று, தலையைத் தின்னும் பறவையாக அது காட்டப்படுகிறது. வட்ட முகமும் நேர்நோக்கிய இரு கண்களும் ஆந்தைக்கு மட்டுமே மனித முகச்சாயலைத் தருவதால், ஏதோ ஒரு பேராந்தையைக் கண்ட அச்சத்திலிருந்தே ஆண்டலை உருவாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். வரையாடு அவர்கள் சொன்னதுபோல், இருளில் கேட்ட குரலுக்கு மக்கள் கொடுத்த உடல் இது.

தங்கள் இரண்டாவது வினாவுக்கு, காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தைவிடச் சிறந்த விடை இல்லை. மணிமேகலையின் சுடுகாட்டில் உள்ள பொருள்கள் பல அங்கே இருக்கின்றன: வாகை நெற்று சலசலக்கிறது, கள்ளி நிற்கிறது, ஈமம் எரிகிறது, நள்ளிரவு. அங்கே "கூகையொடு ஆண்டலை பாட ஆந்தை கோடதன்மேல் குதித்து ஓட" என்கிறார் அம்மையார். சாவோரை அழைத்த அதே குரலை, "ஆகம் குளிர்ந்து அனல் ஆடும் எங்கள் அப்பன்" ஆடும் கூத்துக்கு உரிய பாட்டாக அவர் கேட்கிறார். மரக்கிளையில் தாவி ஓடும் சிற்றாந்தையையும் அவர் விட்டுவிடவில்லை. புள்ளி ஆந்தையைப் பார்த்தவர்கள், கிளையில் அது தாழ்ந்து நிமிர்ந்து துள்ளும் விதத்தை இந்த அடியில் அப்படியே காணலாம். தம்மையே காரைக்காற் பேய் என்று சொல்லிக்கொண்டவருக்கு அந்தப் பறவைகள் அஞ்சத்தக்க அயலாராகத் தோன்றவில்லை. ஒரே அவையில் உடனிருக்கும் அடியவர்களாகத் தோன்றின.

நற்றிணை 83, புறநானூறு 364, பட்டினப்பாலையின் நெற்கூட்டு வரிகள், மணிமேகலையின் ஆறாம் காதை, மூத்த திருப்பதிகத்தின் இந்தப் பாடல் ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் மாணவர்களுக்குப் படித்துக் காட்டும்படி பரிந்துரைக்கிறேன். மூத்த திருப்பதிகத்தை மட்டும் வாய்விட்டுப் பாட வையுங்கள். அதன் சந்தம் காதில் விழுந்த பிறகே, கூகையை ஒரு பாடகராக அம்மையார் எப்படிக் கேட்டார் என்பது அவர்களுக்குப் புலப்படும்.